ஃபோல்ட்ஸ்கோப் மதிப்புரை: செல் பாடத்துக்கு எதுவரை கைகொடுக்கும்?

உயர்நிலை வகுப்பில் செல் பாடம் வந்தால் ஆய்வகத்தில் வழக்கமாக நடப்பது இதுதான். மேசை மேல் ஒரே ஒரு நுண்ணோக்கி இருக்கும். வெங்காயத் தோலை ஆசிரியரே வைத்து, குவியத்தையும் அவரே சரிசெய்து விடுவார். நாற்பது பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்குப் பத்து வினாடி கண்ணை வைத்துவிட்டு, “தெரியுது சார்” என்று சொல்லி நகர்வார்கள். அதில் சிலர் பார்த்தது தங்கள் இமைமுடியை, சிலர் பார்த்தது காற்றுக் குமிழை. ரெக்கார்டு நோட்டுக்கு வேண்டிய படம் எப்படியும் புத்தகத்தில் இருக்கிறது.

இந்த வரிசையை இல்லாமல் செய்வதுதான் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியின் முதல் பலன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒன்று இருக்கும்போது, குவியம் தப்புவதும் திரும்பக் கிடைப்பதும் அவரவர் பாடாகிறது. அந்த முயற்சிக்காகவே இதை வாங்கலாம். ஆனால் பாடநூலில் உள்ள செல் படம் முழுவதும் இதில் தெரியும் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், தன் மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியுடன் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கருவி இது. வடிவமைப்பை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரை 2014இல் வெளிவந்தது. உதிரிப் பொருள்களின் செலவு ஒரு டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. கடையில் கிடைக்கும் பெட்டிக்கு விலை அதைவிடக் கூடுதல். அப்போதும் ஒரு நல்ல மாணவர் நுண்ணோக்கியின் விலைக்குப் பல ஃபோல்ட்ஸ்கோப்கள் வாங்க முடியும்.

பெயரில் காகிதம் இருந்தாலும் கைக்கு வரும் தாள் தண்ணீரில் ஊறாத செயற்கைத் தாள். அதிலிருந்து துண்டுகளைப் பிரித்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் கருவி தயார். பொறுமையாகச் செய்யும் பிள்ளைக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளை முழுதையும் இதற்கே ஒதுக்கிவிடுங்கள். மடிப்பையும் வெங்காயத்தையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகும். மடிப்புக் கோட்டில் நகத்தை வைத்து ஒருமுறை அழுத்தித் தேய்த்த பிறகே மடிக்க வேண்டும். தளர்வாக மடித்த கருவியில் தாள்கள் உப்பிக்கொண்டு நிற்கும், குவியம் கையை எடுத்ததும் நழுவும். “சரியா நிக்க மாட்டேங்குது” என்ற புகார் பெரும்பாலும் மடிப்பிலிருந்து கிளம்புவதுதான்.

லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகின்றன. உள்ளே இருப்பது 2.38 மி.மீ. விட்டமுள்ள ஒரு கண்ணாடி மணி. கடுகைவிடச் சற்றே பெரியது. அதன் குவியத் தூரம் மணியின் நடுவிலிருந்து ஏறக்குறைய 1.75 மி.மீ. நாம் வசதியாகப் பார்க்கும் தூரமான 250 மி.மீட்டரை இதால் வகுத்தால் 140 சொச்சம் வரும். பெட்டியில் போட்டிருக்கும் “140 மடங்கு” இந்தக் கணக்குதான். பத்தாம் வகுப்பு ஒளியியலோடு சேர்த்துக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. மணியின் ஆரத்தைக் கழித்தால், அதன் மேற்பரப்புக்கும் பார்க்கும் பொருளுக்கும் நடுவே மிஞ்சும் இடம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான். பொருளை வைக்கும் கண்ணாடி ஸ்லைடின் தடிமன் ஒரு மில்லிமீட்டர். அதை மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்போ 0.17 மி.மீ. அளவுதான். ஆகவே ஸ்லைடின் எந்தப் பக்கம் லென்ஸைப் பார்க்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கவர்ஸ்லிப் பக்கம் லென்ஸை நோக்கி இருந்தால் குவியம் கிடைக்கும். திருப்பிச் செருகினால் எவ்வளவு இழுத்தாலும் தள்ளினாலும் மங்கலாகவே இருக்கும். பொருள் குவியத்துக்கு அப்பால் போய்விட்டது. ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் ஸ்லைடை வெளியே எடுத்துப் பக்கத்தைப் பாருங்கள்.

பிடிக்கும் முறையும் பழகிய நுண்ணோக்கியிலிருந்து வேறு. மேசையில் வைத்துக் குனிந்து பார்ப்பதில்லை; இரு கையாலும் ஓரங்களைப் பிடித்துக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் தூக்கி, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தால்கூட வட்டம் சுருங்கி இருட்டிவிடும். வெளிச்சத்துக்கு ஜன்னல் வழித் தெரியும் வானமோ டியூப்லைட்டோ போதும். சூரியனை நோக்கி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தூக்கக் கூடாது. வெளியில் வகுப்பு நடத்தினால் இதை முதல் விதியாகச் சொல்லி, எல்லாரையும் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். கண்ணாடி போடும் பிள்ளைகள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ குவியத் தாளை (குவியத்துக்காக இழுத்துத் தள்ளும் தாளை) நகர்த்தினால் ஈடாகிவிடும். இதனாலேயே ஒருவர் சரிசெய்து கொடுத்தது அடுத்தவருக்கு மங்கலாகத் தெரியலாம். அது கருவியின் பழுது அல்ல.

முதல் நாள் வெங்காயத்தைத் தொடாதீர்கள். செம்பருத்தி மகரந்தத்தில் தொடங்குங்கள். ஒரு மகரந்தத் துகள் 100 மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்கும், சுற்றிலும் முள் முள்ளாக நிற்கும், தண்ணீரும் சாயமும் வேண்டாம். காகித ஸ்லைடின் துளை மீது ஒளிபுகும் டேப்பை ஒட்டி, பசைப் பக்கத்தை மகரந்தத் தாளில் ஒருமுறை தொட்டு எடுத்தால் முடிந்தது. அந்த முட்கள் கூர்மையாகத் தெரியும்வரை குவியத்தைத் தேடுவது நல்ல கைப்பழக்கம்.

இனி வெங்காயம். பெரிய வெங்காயம் நல்லது. நான்காக நறுக்கி, சதைப்பற்றான ஓர் அடுக்கை எடுத்து, உட்குழிந்த பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, பின்புறமாக ஒடியுங்கள். உடைந்த ஓரத்தில் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய தோல் தொங்கும். இடுக்கியால் மெதுவாக உரித்து, 5 மி.மீ. சதுரத்துக்கு மேல் போகாமல் வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய துண்டு மடிந்துகொள்ளும். இரண்டு அடுக்குச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று தெரிந்து வலை மேல் வலை போட்டதுபோல் குழப்பும். ஸ்லைடில் முதலில் சாயத்துளி, அதன்மேல் தோல். மருந்துக்கடைப் போவிடோன் அயோடின் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு கலந்தால் போதும். கலக்காமல் அப்படியே விட்டால் எல்லாமே பழுப்பாகி உட்கரு தனித்துத் தெரியாது. இரண்டு நிமிடம் ஊறட்டும். பிறகு கவர்ஸ்லிப்பின் ஓர் ஓரத்தை முதலில் தண்ணீரில் தொடவிட்டு, ஊசியால் தாங்கியபடி சாய்த்து இறக்குங்கள்.

பாடநூல் செய்முறை இத்தோடு நிற்கும். ஃபோல்ட்ஸ்கோப்புக்கு இன்னும் ஒரு படி உண்டு. இந்தக் கருவியைச் செங்குத்தாகப் பிடிப்பதால் தண்ணீர் கூடுதலாக இருந்தால் கவர்ஸ்லிப் வழுக்கிக் கீழே இறங்கும், தோலும் கூடவே நகரும். சில வேளை தண்ணீர் லென்ஸ் வரை ஏறிவிடும்; உடனே படம் கலங்கும். அதனால் வடிதாளை ஓரத்தில் தொட்டு உபரி நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கவர்ஸ்லிப்பின் இரு ஓரத்திலும் டேப் துண்டு ஒட்டுங்கள். நகச்சாயத்தை மெல்லிய கோடாக இழுத்துக் காயவிட்டால் இன்னும் உறுதி. இந்த ஒரு வேலையைத் தவிர்த்த வகுப்பும் செய்த வகுப்பும் இரவும் பகலும் போல வேறுபடும்.

இப்போது தெரிவது என்ன? செங்கல் அடுக்கினாற்போல் நீண்ட அறைகள். 300 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு செல் 140 மடங்கில் கண்ணுக்கு 4 செ.மீ. அளவாகத் தோன்றும். உட்கரு 15 மைக்ரோமீட்டர் என்றால் 2 மி.மீ. புள்ளி. மஞ்சள் கலந்த பழுப்பில், சுற்றிலும் உள்ளதைவிட ஒரு பிடி அழுத்தமான நிறத்தில் இருக்கும். பெரும்பாலான செல்களில் அது சுவரை ஒட்டிக் கிடக்கும், நடுவிலுள்ள பெரிய நுண்குமிழ் (சாறு நிறைந்த பை) அதை ஓரத்துக்குத் தள்ளியிருப்பதால். சில செல்களில் மட்டும் நட்டநடுவில் தெரியும். அங்கேயும் அது பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கிறது: மேல் சுவரிலோ அடிச் சுவரிலோ ஒட்டியிருப்பதை நாம் நேர் மேலிருந்து பார்க்கிறோம். குவியத் தாளை மயிரிழை அளவு நகர்த்தினால் சுவர் மங்கி உட்கரு தெளியும், மறுபடி நகர்த்தினால் உட்கரு மங்கிச் சுவர் தெளியும். செல் தாளில் வரைந்த கட்டம் அல்ல, ஆழமுள்ள பெட்டி என்பது பிள்ளைக்குப் புரியும் இடம் இதுதான். குவியத்தைத் தன் விரலால் நகர்த்துபவருக்குத்தான் இது கிட்டும். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கிட்டாது.

வரையச் சொல்லும்போது இரண்டு தவறுகள் கட்டாயம் வரும். தடித்த கறுப்பு விளிம்போடு பளிச்சென்று தெரியும் வட்டத்தைச் செல் என்று வரைவார்கள். அது காற்றுக் குமிழ். கவர்ஸ்லிப்பை வேகமாகப் போட்டதன் பலன். செல்களுக்குள் பச்சைப் புள்ளி வைத்துப் பசுங்கணிகம் என்று பெயர் எழுதுவார்கள். மண்ணுக்கடியில் விளையும் வெங்காயத்தின் இந்தத் தோலில் பசுங்கணிகம் இல்லை. பார்த்ததை மட்டும் வரைய வேண்டும் என்பதை அங்கேயே, அந்த ஸ்லைடை வைத்தே சொல்ல வேண்டும்.

ஒற்றை லென்ஸில் தோல் செல்லைப் பார்த்து உட்கருவைத் தேடுவது மட்டமான வழி என்று யாரும் எண்ண வேண்டாம். ராபர்ட் பிரவுன் 1831இல் உட்கருவுக்குப் பெயரிட்டபோது அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் ஆர்க்கிட் செடியின் தோல் செல்களைத்தான். அவர் கையாண்டதும் ஒற்றை லென்ஸ் நுண்ணோக்கிதான். 1670களில் லேவன்ஹூக் குளத்துநீரில் நுண்ணுயிர்களைக் கண்டதும் அப்படிப்பட்ட ஒற்றை லென்ஸ் வழியாகத்தான்.

கன்னச் செல்லுக்கு இந்தக் கருவி சுமார்தான். பல்குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாக வருடி, 0.9 சதவீத உப்புநீர்த் துளியில் கலக்கி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால் செல்கள் நீலத் திட்டுகளாகத் தெரியும். உட்கரு சின்னஞ்சிறு புள்ளிதான். வெறும் தண்ணீர் வேண்டாம், செல் உப்பி உருமாறும். ஒருவர் குச்சியை இன்னொருவர் தொடக் கூடாது. வெங்காயத்தில் தெளிவாக இருந்த நேர்க்கோட்டு ஓரம் இங்கே இல்லை, செல் சுவர் இல்லாததால் வடிவம் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட இது போதும்.

இந்தக் கருவி உண்மையாகவே சோபிக்கும் இடம் ரியோ இலை. மேலே பச்சையும் கீழே கருஞ்சிவப்புமாகத் தோட்டங்களில் அடர்ந்து வளரும் செடி. இலையைச் சாய்வாகக் கிழித்தால் கீழ்ப்புறத்து ஊதாத் தோல் மெல்லிய ஓரமாகப் பிரியும். சாயமே வேண்டாம். ஊதா நிறம் முழுவதும் நுண்குமிழ்ச் சாற்றில் இருப்பது. அதனால் ஒவ்வொரு செல்லும் மை நிரப்பிய அறுகோணமாகத் தெரியும். நடுநடுவே நிறமற்ற தீவுகளாக இலைத்துளைகள், அவற்றின் இரு பக்கமும் பச்சைப் புள்ளிகளோடு காப்பு செல்கள்.

இதே தோலில் பிளாஸ்மா சிதைவையும், அதாவது உப்புநீரில் செல்லின் நீர் வெளியேறி உள்ளடக்கம் சுவரை விட்டுச் சுருங்குவதையும் காட்டலாம். 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் சமையல் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். பாடநூல்கள் ஒரே ஸ்லைடில் ஓரமாக உப்புநீர் விட்டு மறு ஓரத்தில் வடிதாளால் இழுக்கச் சொல்லும். ஃபோல்ட்ஸ்கோப்பில் அது சரிப்படாது. ஸ்லைடை வெளியே எடுத்தால் பார்த்த செல் தொலைந்துபோகும். இரண்டு ஸ்லைடு தயார் செய்யுங்கள்: ஒன்று தண்ணீரில், இன்னொன்று உப்புநீரில் ஐந்து நிமிடம் ஊறியது. முதலாவதில் ஊதா சுவர்வரை நிறைந்திருக்கும். இரண்டாவதில் அது சுருங்கி, சுவருக்கும் தனக்கும் இடையே இடைவெளி விட்டு உருண்டு நிற்கும். செல் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர். எந்தப் பள்ளி நுண்ணோக்கியிலும் அதை நேரே பார்க்க வழியில்லை. சுவரை விட்டு உள்ளே நகர்ந்த அந்த ஊதா எல்லைதான் சுவரும் சவ்வும் வேறு வேறு என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று. உப்பைக் கூட்டினாலோ நெடுநேரம் ஊறவிட்டாலோ செல் செத்துப்போகும். பிறகு நல்ல தண்ணீரில் போட்டாலும் பழைய நிலைக்கு வராது.

இனி இதில் தெரியாதவை. கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி 2 மைக்ரோமீட்டர் அளவு. மைட்டோகாண்ட்ரியாவின் அகலம் ஒரு மைக்ரோமீட்டரையே எட்டாது, ரைபோசோம் அதைவிடப் பல மடங்கு சிறியது; இரண்டும் தெரியாது. தயிரில் உள்ள பாக்டீரியா தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். தயிரில் தெரியும் உருண்டைகள் பெரும்பாலும் கொழுப்புத் துளிகள். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையில் பசுங்கணிகங்கள் பச்சை மணல்போலத் தெரியும், அவை செல்லுக்குள் ஓடுவதை உறுதியாகக் காட்ட 400 மடங்கு வேண்டும். வெங்காய வேர்நுனியில் செல் பகுப்பு நிலைகளைக் காட்ட இதை நம்பவே வேண்டாம். குரோமோசோம்கள் மங்கலான கரும்பூச்சாகத்தான் தெரியும்.

இங்கே 140 என்ற எண்ணை வைத்து ஏமாறக் கூடாது. ஆய்வகத்துக் கூட்டு நுண்ணோக்கியில் 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் 10 மடங்கு பொருளருகு லென்ஸும் சேர்ந்து 100 மடங்குதான், ஆனாலும் படம் ஓரம்வரை தெளிவாக இருக்கும். ஃபோல்ட்ஸ்கோப்பில் நடுப்பகுதி மட்டும் கூர்மை, ஓரங்கள் வளைந்து மங்கும், வெளிச்ச விளிம்புகளில் நிறக்கோடு ஓடும். கோள வடிவ லென்ஸின் இயல்பு அது. பார்க்க வேண்டியதை நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவருவதுதான் வழி. ஒரு வசதியும் உண்டு: கூட்டு நுண்ணோக்கிபோல இதில் உருவம் தலைகீழாவதில்லை. அதனால் எந்தப் பக்கம் தள்ளினால் எது வரும் என்பது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கைவந்துவிடும்.

கைபேசியோடு இணைக்கக் காந்த வளையங்கள் கூடவே வரும். ஒரு வளையத்தைக் கேமரா மேல் ஒட்டி, லென்ஸ் பக்கத்தை அதனோடு சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். பின்னால் மூன்று நான்கு கேமரா உள்ள கைபேசியில் எது முதன்மைக் கேமரா என்று ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். தானாக மேக்ரோவுக்கு (மிக அருகிலிருந்து எடுக்கும் முறைக்கு) மாறும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் கேமரா மாறித் திரை இருண்டுவிடும். படம் எடுத்துவிட்டால் அளவும் எடுக்கலாம். மில்லிமீட்டர் கோடுள்ள ஒளிபுகும் அளவுகோல் துண்டை ஸ்லைடுபோல வைத்து ஒரு படம், அதே ஜூமில் வெங்காயத் தோலை ஒரு படம். ஒரு மில்லிமீட்டரில் நீளவாட்டில் 4 செல் அடங்கினால் ஒரு செல் 250 மைக்ரோமீட்டர். புத்தகத்து எண்ணைவிடத் தான் அளந்த எண் பிள்ளை மனதில் நிற்கும்.

லென்ஸில் படியும் இமைப் பிசுக்குதான் நாள்பட வரும் முக்கியத் தொல்லை. பத்துப் பேர் பார்த்ததும் படம் புகை படிந்தாற்போல் ஆகும். சட்டை நுனியால் துடைக்காமல், காது துடைக்கும் பஞ்சுக்குச்சியைச் சுத்தமான தண்ணீரில் தொட்டு லேசாகச் சுழற்றி எடுத்து, உலர்ந்த பஞ்சால் ஒற்றுங்கள். உப்புநீர் ஸ்லைடு பார்த்த நாளில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், உப்பு லென்ஸில் காய்ந்து படிந்தால் படம் மங்கும்.

எதை வாங்குவது? நல்ல கூட்டு நுண்ணோக்கி ஒன்றாவது ஏற்கெனவே உள்ள பள்ளிக்கு வகுப்பறைக்கான எளிய தொகுப்பு போதும். ஸ்லைடு, கவர்ஸ்லிப், இடுக்கி, சொட்டுக்குழாய் எல்லாம் ஆய்வகத்தில் இருக்கும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு என்றால் விளக்கும் துணைப்பொருள்களும் சேர்ந்த பெரிய பெட்டியை வாங்குங்கள். மாலை நேரத்தில் வெளிச்சம் தேடி அலைய வேண்டாம். கூட்டு நுண்ணோக்கியே இல்லாத பள்ளி, கையிலுள்ள பணம் முழுவதையும் இதில் போடாமல் 400 மடங்கு வரை போகும் ஒன்றை முதலில் வாங்கிவிட்டு மீதியில் இதை வாங்குவது நல்லது. “1000 மடங்கு” என்று விற்கும் மலிவான யு.எஸ்.பி. கேமராக்களை இரண்டுக்கும் மாற்றாக எண்ண வேண்டாம். அந்த எண் திரையில் பெரிதாக்கிப் போட்ட கணக்கு. வெங்காய உட்கருவை இந்த மடித்த தாள் அவற்றைவிடத் தெளிவாகக் காட்டும்.